வாங்கிலிருந்து எழும்பியவள்

இங்கிலாந்தில் பெண்களின் உதைபந்தாட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். அங்கே மத்தியானம் கழியும்போது இங்கே பொழுதுபட்டிருக்கும். குசினியில் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டுமா குழைத்தபடி, சீனிப் போத்தலில் சாத்திவைத்த போனில் நான் அந்த ஆட்டங்களைப் பார்ப்பேன். மழையும் காற்றும் ஓயாத ஒரு வடக்கு ஊரின் கழகம் அது. அதன் ஆண்கள் அணியை எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் நிலைப் போட்டிகளில் விளையாடிய பெண்கள் அணியை அந்த ஊர்ச்சனம் கொஞ்சமும், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருந்து நானும் பார்த்தோம்.

எனக்கு அந்தக் கழகத்தின்மேல் ஒரு பற்றும் இல்லை. அதில் ஒருத்தி விளையாடினாள். அவள் பிழைவிடுவதைப் பார்க்கத்தான் நான் பார்க்கத் தொடங்கினேன்.

அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே அணி. நான் முன்னுக்கு நடுவில் நிற்பேன், அவள் எனக்கு இடப்பக்கம். அவள் பந்தைக் கொண்டுவந்து தருவாள், நான் அடிப்பேன். மாகாணப் போட்டியில் வென்றபோது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். அவளுடைய முகத்தில் பாதியை இன்னொருத்தியின் தலை மறைத்திருந்தது. கொழும்பில் தேசிய அணிக்கு ஆள் தெரிவுசெய்தபோது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை மட்டும்தான் கூப்பிட்டார்கள்.

நான் கொழும்புக்குப் போய்ச் சிங்களம் விளங்காமல் தடுமாறி, கடைசிச் சுற்றில் கழிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோது அவளுடைய வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே லண்டனுக்குப் போய்விட்ட தகப்பனுக்கு, குடும்பத்தைக் கூப்பிட அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. பலாலி வீதிவரைக்கும் சைக்கிளில் போய் அவளை வழியனுப்பினேன். அழவில்லை. அடுத்த வருசப் போட்டிக்கு இடப்பக்கம் யாரைப் போடுவது என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் எனக்கு உதைபந்தும் முடிந்தது. யாரும் தடுக்கவில்லை. விளையாடுவதற்கு அணிதான் இல்லை. பெடியங்களுக்கு ஊருக்கு ஊர் கழகம் இருந்தது. எங்களுக்கு உயர்தரப் பரீட்சையோடு எல்லாம் சரி. மருந்துக் கலவையாளர் படிப்புப் படித்தேன், ஒரு பாமசியில் வேலை கிடைத்தது, கலியாணம் செய்தேன், ஒரு மகள் பிறந்தாள். என் கணவர் தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பி திருத்துகிறவர். நல்ல மனிதர். கிரிக்கெட் மட்டும் பார்ப்பார்.

அவளைப் பற்றிய செய்தி பாமசிக்குத்தான் வந்தது. அவளுடைய சின்னம்மா எங்கள் ஒழுங்கையில் இருக்கிறா. நான் அன்ரி என்று கூப்பிடுவேன். பிரஷர்க் குளிசை வாங்க வந்தவ, சில்லறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டே சொன்னா.

"பிள்ளை, உன்னோடை விளையாடினவள் இப்ப அங்கை பெரிய கழகம் ஒண்டிலை சேந்திட்டாள். சம்பளம் குடுத்து விளையாட விடுறாங்களாம்."

"அப்பிடியே அன்ரி? சரியான சந்தோசம்," என்றேன். குளிசையை எப்போது போட வேண்டும் என்று இன்னொருமுறை சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். அவ படியிறங்கும் முன்னமே போனை எடுத்துத் தேடினேன்.

முதல் வருசம் எனக்கு நல்ல வருசம். அவள் முழங்கால்வரை வரும் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானக் கரையில் மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் இருந்தாள். குளிரில் மூக்கால் புகை போனது. கமெரா எப்போதாவது அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் தெரிவாள். ஆட்டம் முடியும் நேரம் இறக்குவார்கள். இறங்கினால் பந்து அவளுடைய காலில் பட்டுத் தெறித்துப் போகும். உயரமான பின்வரிசைக்காரி ஒருத்தி தோளால் தட்ட, புல்லில் இருந்துவிடுவாள். காணொளிக்குக் கீழே யாரோ, இவளை எதற்காக எடுத்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை இரண்டுமுறை வாசித்தேன். அன்றைக்கு மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே சோறு தீத்தினேன். மற்ற நாட்களில் அந்தப் பொறுமை எனக்கு இருப்பதில்லை.

நான் போயிருந்தால் என்ற எண்ணம் அப்போது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பாவம், அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது, கால் இல்லை. எனக்குக் கால் இருந்தது, தகப்பன் லண்டனில் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வருசத் தைப்பொங்கல் கழிய, அந்தக் கழகத்தின் முதன்மை முன்வரிசைக்காரிக்குக் கணுக்கால் பிரண்டது. வேறு ஆள் இல்லாமல் இவளைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் விழவுமில்லை. நான் அதைக் கவனித்தேன். தோள் அகன்றிருந்தது, தொடை தடித்திருந்தது. தட்ட வந்தவள்தான் தள்ளாடிப் போனாள். அடுத்த கிழமை ஒரு கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த கிழமை அடித்தாள்.

அந்தக் கோலை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். கோலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் ஒருத்தி ஒட்டிக்கொண்டு நின்றாள். பந்து வேகமாக வந்தது. அதை நிறுத்துகிறமாதிரி வலது தோளைச் சாய்த்தாள், நிறுத்தவில்லை. இரண்டு காலுக்கும் நடுவால் ஓடவிட்டு இடப்பக்கமாகத் திரும்பினாள். பின்னால் நின்றவள் வலப்பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு அடிப்பது சின்ன வேலை.

அது என்னுடைய திரும்பல். எங்கள் பள்ளிக்கூட மைதானம் செம்மண், ஒரு கரை முழுக்கக் கல்லும் கட்டியும். அங்கே பந்தைக் காலால் நிறுத்தப் போனால் துள்ளி முகத்தில் அடிக்கும். அதனால் நான் நிறுத்தாமல் விடப் பழகினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தத் திரும்பலால் நான் எத்தனையோ பேரை மற்றப்பக்கம் அனுப்பியிருக்கிறேன். அவள் இடப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

வர்ணனையாளர் அவளுடைய தகப்பனின் பெயரைச் சிதைத்துச் சொல்லி, இது இவளுடைய முத்திரை என்றார்.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்ற என் கணவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். திருப்பிப் போட்டுக் காட்டியபோது அவரும் குனிந்து பார்த்தார்.

"ஆர், அன்ரியின்ரை பெறாமகளே? என்னமாதிரித் திரும்பினவள் பாரும்."

"உது என்ரை," என்றேன்.

"எது?"

"உந்தத் திரும்பல். நான் கண்டுபிடிச்சது. பள்ளிக்கூடத்திலை நான் செய்யிறதை அவள் பாத்துப் பழகினவள்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "அப்ப நல்லதுதானே. நீர் போகாட்டியும் உம்மடை திரும்பல் இங்கிலாந்துக்குப் போட்டுது."

நான் புட்டுக்குழலை அடுப்பில் வைத்தேன். அவர் படுக்கப் போகும்வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை. காரணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தவும் எனக்கு மனமில்லை.

பிறகு கிழமைக்குக் கிழமை அவள் ஏறிக்கொண்டே போனாள். கணுக்கால் சுகமாகி வந்த முதன்மைக்காரி இப்போது வாங்கில் இருந்தாள். அன்ரி ஒருநாள் பாமசிக்கே கேக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தா. மருந்து வாங்க வருகிறவர்கள், "நீர்தானே அவவோடை விளையாடினது" என்று கேட்டார்கள். அந்த மரியாதை 'அவ' என் காதில் குத்தியது. நேற்றுவரை 'அவள்' என்று இருந்தவள். பழைய மாணவிகளின் குறூப்பில் ஒவ்வொரு கோலுக்கும் ஆளுக்கு ஆள் இதயம் போட்டார்கள். நான் ஒரு கைதட்டல் போடுவேன். ஒன்றும் போடாவிட்டால் கவனிப்பார்கள் என்றுதான் அதுவும்.

நான் அவளை எதிரணிக்காரிபோலப் படிக்கத் தொடங்கினேன். இடக்காலால் அடித்தால் பந்து மேலே போகிறது என்று கண்டுபிடித்தேன். பெரிய நிம்மதி. ஒரு மாதம் கழிய இடக்காலாலேயே ஒன்று அடித்தாள். பந்தோடு ஓடும்போது தலை குனிகிறது, பக்கத்தில் ஆள் நிற்பது தெரிவதில்லை என்று கண்டேன். பங்குனி முடியும்போது தலை நிமிர்ந்துவிட்டது. நான் கண்டுபிடித்து வைத்திருந்த பிழைகள் ஒவ்வொன்றாக என் கையைவிட்டுப் போயின. யாரோ ஒருவர் அங்கே அவளுக்கு அதே பிழைகளைக் காட்டி, நாள்தோறும் நின்று திருத்துகிறார் என்று எனக்கு விளங்கியது. எனக்கு அப்படி ஒருவரும் நின்றதில்லை. அந்தப் பயிற்றுநரின்மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

போட்டிகள் முடிந்து அங்கே விடுமுறை வந்தபோது, ஒன்றுவிட்ட தமையனின் கலியாணத்துக்கு அவள் ஊருக்கு வந்தாள். எங்கள் பழைய பள்ளிக்கூட விளையாட்டு ரீச்சர் எனக்குப் போன் எடுத்தா.

"சனிக்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு வாரும். பழைய பிள்ளையள், இப்பத்தைப் பிள்ளையள் எல்லாரையும் ரெண்டாப் பிரிச்சு ஒரு மட்ச் வைப்பம். நீர் இல்லாமல் வைக்கேலாது."

"ரீச்சர், நான் விளையாடி எத்தினை வருசம்..."

"எல்லாரும் அப்பிடித்தான். வாரும்."

சப்பாத்து இல்லை என்று சாட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை என் கணவர் யாழ்ப்பாணம் போய் ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். என்னைக் கேட்கவில்லை. அளவுகூடச் சரியாக இருந்தது.

மைதானத்தில் அவளைக் கண்டவுடன், ஏதாவது மாறியிருக்குமா என்றுதான் தேடினேன். இங்கிலீசில் கதைப்பாள், கையை மட்டும் நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "என்னடி, உப்பிடி மெலிஞ்சு போனாய்? சாப்பிடுறேல்லையே?" என்றாள். ஒரு சொல்கூட மாறவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ரீச்சர் அவளை ஒரு பக்கமும் என்னை மற்றப் பக்கமும் போட்டா. என் பக்கம் பின்வரிசைக்கு ஆள் போதவில்லை. நானே அவளுக்குக் காவலாக நிற்கிறேன் என்று சொன்னேன். என்னுடைய திரும்பலை என்னைவிட யார் மறிக்கமுடியும் என்று நினைத்தேன்.

முதல் பந்து அவளுக்கு வந்தது. அவள் முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். வலது தோள் சாயும் என்று காத்திருந்தேன். சாய்ந்தது. நான் இடப்பக்கம் கால் வைத்தேன். ஆனால் பந்து வரும் முன்னமே அவள் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்திருந்தாள், நான் கால் வைத்ததையும் கண்டுவிட்டாள். பந்தை ஓடவிடவில்லை. ஒரே தட்டில் பக்கத்தில் நின்ற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் ஓடினாள். பந்து திரும்ப அவளிடமே வந்தது. நான் திரும்பும்போது அவள் கோலடியில் நின்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடமிருந்து அவள் எடுத்தது திரும்பலை மட்டும்தான். எப்போது திரும்பக்கூடாது என்பதை அங்கே பழகியிருந்தாள். எனக்கு அது கடைசிவரைக்கும் தெரிந்திருக்கவில்லை. எந்தப் பந்து வந்தாலும் நான் திரும்பினேன். பள்ளிக்கூட மட்டத்தில் அது போதுமாக இருந்தது.

அரைநேரத்துக்குப் பிறகு ஒருமுறை அவளுடைய காலிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தேன். மதிலில் இருந்த பிள்ளைகள் கத்தினார்கள். என் கணவர் மகளைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"விட்டுத் தந்தனியோ?"

"விசரே உனக்கு? விட்டுத் தந்தா நீ என்ரை காலை முறிப்பாய்."

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டுபேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சீமெந்துக் கட்டின்மேல் இருந்தோம். யாரோ நெல்லிக்கிரஷ் கரைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். களைப்பில் என் வாய்க்குக் காவல் இல்லை.

"எனக்கு உன்னிலை சரியான எரிச்சல்," என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"குறூப்பிலை எல்லாரும் இதயம் போடேக்கை நீ ஒரு கைதட்டல் போடுவாய். ஒவ்வொரு முறையும்." அவள் சிரிக்கவில்லை. கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தாள். "நீ கொழும்புக்குப் போன கிழமை நான் ஒழுங்காச் சாப்பிடேல்லை. என்னைக் கூப்பிடேல்லை எண்டதுக்கு இல்லை. உன்னைக் கூப்பிட்டிட்டினம் எண்டதுக்கு. நீ விழவேணும் எண்டு நல்லூரிலை போய்க் கும்பிட்டனான். உனக்கு ஒண்டும் தெரியாது. நீ ஆரையும் திரும்பிப் பாக்கிறேல்லை."

எத்தனை வருசம் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் ஓடினோம். நான் ஒருநாளும் அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

"லண்டனுக்குப் போனாப்பிறகு உனக்கு அந்த எரிச்சல் இல்லாமல் போயிருக்குமெல்லே?"

"எங்கை போறது? அந்தக் குளிருக்கை வாங்கிலை இருக்கேக்கை, நீயெண்டா உன்னை இப்ப இறக்கியிருப்பினம் எண்டு நினைப்பன். அந்தக் கடுப்பிலைதான் எல்லாரும் போனாப்பிறகும் தனிய நிண்டு சுவரிலை அடிச்சுப் பழகினனான்."

"உந்தத் திரும்பல்?"

"உன்னட்டை எடுத்தது. அங்கை கேட்டவைக்குச் சொன்னனான், ஊரிலை ஒருத்தி செய்யிறவள் எண்டு. ஒருத்தரும் அதை எழுதேல்லை."

நான் கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன். "நான் அங்கை வந்திருந்தா?"

என்னைச் சந்தோசப்படுத்த ஒரு பொய் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"தெரியாதடி," என்றாள். "லண்டனுக்குப் போன முதல் ரெண்டு வருசம் ஒருத்தரும் எனக்குப் பந்து தரேல்லை. ஓடி ஓடிப் போய் நிப்பன், தரமாட்டினம். உனக்குப் பந்து தராட்டி நீ கோவிச்சுக்கொண்டு நிண்ட இடத்திலையே நிண்டிடுவாய். நினைவிருக்கோ?"

நினைவிருந்தது. அதற்கு மேல் நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மதிலடியில் நின்ற அன்ரி கலியாண வீட்டுக்கு நேரமாகிறது என்று அவளைக் கூப்பிட்டா. அவள் போனாள்.

அவள் சொன்னதால் என் எரிச்சல் குறையவில்லை. கூடத்தான் செய்தது. முந்தி அதற்கு ஒரு சாட்டு இருந்தது. அதிர்ஷ்டம், தகப்பன், விசா என்று சொல்லிக்கொண்டு இருக்கலாம். இப்போது அதில் பாதி கழன்று போய்விட்டது. மிச்சப் பாதி உண்மைதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் சுவரில் தனிய அடித்த பாதியை நான் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்கவில்லை.

ஆவணியில் அங்கே புதிய போட்டிகள் தொடங்கின. இப்போது அவள்தான் முதன்மைக்காரி. முதல் ஆட்டத்திலேயே அடித்தாள். என் கணவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கே போய்விட்டார், அங்கே நின்று அன்ரியின் வீட்டுப்பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு அதே பழைய எரிச்சல். குறூப்பில் நான் வழமைபோலக் கைதட்டல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. "இதயம் போட்டாக் காசே?" என்று கேட்டிருந்தாள். நான் பதில் அனுப்பினேன். "ரெண்டாவதும் அடிச்சிருக்கலாம். கோல்கீப்பர் முன்னுக்கு வந்திட்டாள், நீ காணேல்லை." பிறகு, "ஓம். கண்டனான், பிந்திப்போச்சு" என்று வந்தது.

அந்தக் கிழமையே நான் பழைய அணியில் ஊரில் மிஞ்சியிருந்தவர்களுக்குப் போன் எடுத்தேன். ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள், இரண்டுபேர் கைக்குழந்தைக்காரிகள். யாழ்ப்பாணத்தில் வலை அடித்துச் செயற்கைப் புல் போட்ட சின்ன மைதானம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே விளையாடுவது என்று பேசிக்கொண்டோம். குழந்தைகளைப் பார்க்க ஒருத்தியின் தாயும் என் கணவரும் வந்தார்கள். எங்களுக்கு எதிராக விளையாட ஆள் தேடி, பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலரைப் பிடித்தோம்.

அவர்களில் ஒரு பிள்ளைக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வல்வெட்டித்துறைப் பக்கத்தவள், மெல்லிய உடம்பு, பேச்சு மிகவும் குறைவு. நான் பந்தோடு போனபோது வந்து, எப்படி எடுத்தாள் என்று எனக்குத் தெரியும் முன்னமே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்தமுறையும் அப்படித்தான். மூன்றாவது தரம் அவள் என்னைக் கடந்து போனபோது, அவளுடைய கால்களைப் பார்த்து எனக்குள் அதே எரிச்சல் எழும்பியது. ஆனால் இந்த முறை அது போனுக்குள் இருக்கவில்லை. ஆள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க நான் பின்னால் ஓடினேன்.